கொழுப்பைச் செதுக்கி விற்கிறவன்

ஃப்ளோரன்ஸ்,
7 மே 1993

லொரியானோ அண்ணா,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. படித்துவிட்டுப் போடு. இந்த வாரம் மூன்று முறை ஃபோன் செய்தேன். மூன்று முறையும் "ஃபோஸ்கா பேசறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது அல்லவா?

நான் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. ஒரு முகவரி கேட்கத்தான் எழுதுகிறேன். இந்த ஊரில் நல்ல ஸ்டேக் எங்கே வாங்கலாம்?

சிரிக்காதே. நேற்று நடந்ததைக் கேள்.

ஓனோஃப்ரி மேஸ்திரியை உனக்கு நினைவிருக்கும். கதீட்ரலில் கல் செதுக்கி ஓய்வு பெற்றவர், கையில் இரண்டு விரல் குறைவு. நான் சாப்பாட்டுக்கடை திறந்த நாளிலிருந்து மாதத்தின் முதல் வியாழக்கிழமை மதியம் ஜன்னலோர மேஜை அவருடையது. எலும்போடு கரியில் வாட்டிய ஒரு மாட்டு ஸ்டேக், ஒரு தட்டு வெள்ளை பீன்ஸ், கால் லிட்டர் சிவப்பு ஒயின். இருபத்திரண்டு வருடமாக இதில் மாற்றமே கிடையாது. இரண்டு மூன்று வருடமாகத் தட்டில் மிச்சம் கூடிக்கொண்டே வந்தது, வயதாகிறது என்று விட்டுவிட்டேன். நேற்று ஒரு துண்டு வெட்டினார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு துணியை வாயருகே கொண்டுபோனார். கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பில்லக் குடும்மா."

"என்ன மேஸ்திரி, ஒண்ணுமே சாப்பிடலையே?"

"சாப்பிட்டேனே. போதும்."

முழுப் பணத்தையும் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நான் நான்கு பதில் சொல்லியிருப்பேன். திட்டவே இல்லை. அவர் போனபின் அந்தத் துணியைப் பிரித்தேன். சாம்பல் நிறத்தில், சாறெல்லாம் போய், நனைந்த அட்டையைக் கசக்கியது போல ஒன்று கிடந்தது. தட்டில் இருந்ததில் ஒரு துண்டை எடுத்து நானும் வாயில் போட்டேன். துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் ருசி. அதற்கடியில் லேசான புளிப்பு வேறு. என் கடையில், என் அடுப்பில் வெந்தது அது.

நான் வாங்கும் கறி பிளாஸ்டிக் உறையில் காற்றை உறிஞ்சி வருகிறது. வெட்டினால் இளஞ்சிவப்பில் ஒரு தண்ணீர் ஒழுகும், நாற்றம் மூக்கில் அடிக்கும். ஏஜென்டைக் கேட்டால், "பத்து நிமிஷம் வெளியில வைங்க மேடம், வாடை பறந்துடும்" என்கிறான். மூன்று வருடமாக நானும் பத்து நிமிடம் வெளியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். வாடை எங்கேயும் பறக்கவில்லை. என் மூக்குதான் பழகிவிட்டது.

ஜூன் 24, சான் ஜொவான்னி திருநாள். வருடா வருடம் அன்றைக்கு மதியம் ஓனோஃப்ரி தன் கூட்டாளிகள் பதினைந்து பேரோடு வருவார். இரண்டு பேருக்கு ஒன்று என்று எட்டு ஸ்டேக். இந்த முறை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் "ஃபோஸ்கா கடையில கறி சரியில்ல" என்று இந்தப் பேட்டையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். சான் ஃப்ரெடியானோவில் எந்தப் பாவத்தையும் மன்னிப்பார்கள், கெட்ட கறியை மன்னிக்க மாட்டார்கள்.

உன் கறிக்கடையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. முகவரி மட்டும் சொல்.

ஃபோஸ்கா

•

பியான்வெக்கியோ,
15 மே 1993

ஃபோஸ்காவுக்கு,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. மாட்டுத்தொழுவத்துச் சுவரில் ஒட்டலாமா என்று மட்டும் யோசித்தேன்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கறி கறிதான். வர்றவங்க என்ன மாட்டோட ஜாதகமா கேக்கறாங்க?" அப்பா கையால் தேய்த்துத் தேய்த்துக் குழிந்துபோன வெட்டுக்கட்டை அடுத்த அறையில் இருந்தது. அதற்குக் காது இல்லாததால் தப்பித்தது. அடுத்த திங்கட்கிழமையே என்னிடம் கறி எடுப்பதை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக்காரனிடம் போனாய். இப்போது நாறுகிறது என்கிறாய். நாறாமல் என்ன செய்யும்? செத்த மாட்டைப் பையில் போட்டு மூச்சுவிடாமல் கட்டி வைத்தால் அது தன் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். கறிக்குக் காற்று வேண்டும். கொக்கியில் மூன்று வாரம் தொங்க வேண்டும். மேலே கறுத்து, உள்ளே இளக வேண்டும். இதையெல்லாம் நீ எட்டு வயதிலேயே அறிந்தவள். தெரியாமல் செய்தவளை மன்னிக்கலாம்.

கேட்டதால் சொல்கிறேன். முதலில் கொழுப்பைப் பார். நம் கியானா சமவெளி வெள்ளைக் காளையின் கொழுப்பு வெள்ளையாக இருக்கும். மஞ்சளாக இருந்தால் அது பால் வற்றிய கிழட்டுப் பசு, பாதி ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்திருக்கும். விரலால் அழுத்து, குழி திரும்பி வர வேண்டும். தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. மூன்று விரல் கனத்துக்குக் குறைவாக வெட்டுகிறவன் செருப்புக்குத் தோல் வெட்டப் போகலாம். எலும்பின் மேல் நிமிர்த்தி வைத்தால் அதுவே நிற்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கொழுப்பைச் செதுக்கி எடுத்துவிட்டு விற்கிறவன் கடைப் பக்கமே போகாதே. கொழுப்புதான் கறிக்கு முகம்; முகத்தை மூடிக்கொண்டு வருகிறவன் எதையோ மறைக்கிறான்.

சந்தைக் கட்டடத்தில் இடது வரிசையில் வாலெந்தே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலையடியில் இசோலினா என்ற விதவை. ரோமானா கோட்டைவாசலுக்கு வெளியே புகையிலைக் கடைக்கு எதிரில் ஒருவன், பெயர் நினைவில்லை, ஒற்றைக்காதன். எனக்குத் தெரிந்த யோக்கியர்கள் இவ்வளவுதான்.

என் கடையை நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

லொரியானோ

•

ஃப்ளோரன்ஸ்,
27 மே 1993

அண்ணா,

உன் யோக்கியர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். கை கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன், இரண்டு முறை.

வாலெந்தே செத்து நான்கு வருடம் ஆகிறது. மகன் இருக்கிறான், தலையில் ஜெல்லும் கழுத்தில் தங்கச் சங்கிலியுமாக. கறிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் எல்லாம் ரோஜா நிறம். "வாசல் வெளிச்சத்துல காட்டு" என்றேன். "எதுக்கு மேடம், இங்கயே நல்லாத் தெரியுதே" என்றான். நானே தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தரை துடைக்கிற துணியின் நிறம்! வாலெந்தே கல்லறையில் புரண்டு படுத்திருப்பார்.

இசோலினா நல்ல பெண்மணி, பொய் சொல்லத் தெரியாது. "ஸ்டேக் விட்டு ரெண்டு வருஷமாச்சு கண்ணு. குடலும் இரைப்பையும்தான் இப்ப. பெரிய மாட்டத் தூக்க எனக்குத் தெம்பேது?" என்றாள். தராசுத் தட்டிலேயே பூனை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனமில்லாமல் குடலை அதன் பக்கத்திலேயே வைத்து நிறுத்தாள்.

ஒற்றைக்காதன் கறியைப் பார்த்ததும் நான் ஏமாந்தேன். நல்ல கனம், வெள்ளைக் கொழுப்பு, பேச்சும் இனிப்பு. வீட்டுக்கு வந்து கரியில் வாட்டினேன். வெளியே கருகிற்று. எலும்போரம் கத்தி வைத்தால் உள்ளே ஐஸ் நொறுங்குகிறது. எத்தனை மாதம் உறைந்து கிடந்ததோ, அந்த ஐஸ் உருகியதும் அடுப்பில் ரத்தத் தண்ணீர் கொட்டி நெருப்பே அணைந்துவிட்டது. அந்தப் புகை நாற்றம் திரைச்சீலையில் இன்னும் இருக்கிறது. துண்டைத் தெருநாய்க்குப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. ஓனோஃப்ரி பார்த்த அதே பார்வை.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். எட்டு ஸ்டேக், ஜூன் 23 புதன்கிழமை, உன் கடையிலிருந்து. பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போதும், நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம். அப்பா பெயர் எழுதிய பலகைக்குக் கீழே இருந்து வரும் கறி என்றால் மேஸ்திரி மறுபடி என் மேஜையில் உட்காருவார்.

அன்றைக்குப் பேசியது தப்புதான். போதுமா?

ஃபோஸ்கா

•

பியான்வெக்கியோ,
4 ஜூன் 1993

அன்புள்ள ஃபோஸ்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எட்டு ஸ்டேக் இந்த மாதம் முடியாது. ஏற்கெனவே சொல்லி வைத்தவர்கள் இருக்கிறார்கள். கொக்கியில் தொங்குவதும் சின்ன மாடு. தவிர, பிளாஸ்டிக்குக்குப் பழகிய நாக்குகளுக்கு என் கறி எதற்கு?

சான் ஜொவான்னிக்கு எல்லோருக்கும் கோழி வறுத்துப் போடு. ரோஸ்மேரி நிறைய போட்டால் நன்றாக இருக்கும்.

லொரியானோ

•

ஃப்ளோரன்ஸ்,
13 ஜூன் 1993

லொரியானோ,

கோழியாம்! கோழி என்ற சொல்லைக் கேட்டாலே எச்சில் துப்புகிறவன் நீ. "நலம், நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்" என்று உன் கையால் எழுதியதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் அண்ணன் கோபமாக இருந்தால் திட்டுவான். மரியாதையாக எழுதினால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம்.

அதனால் ஒன்று செய்தேன். என் சமையல்காரி மொரேனாவை நேற்று பஸ்ஸில் உன் ஊருக்கு அனுப்பினேன். அவள் போன வருடம்தான் என்னிடம் வேலைக்கு வந்தவள், உனக்கு முகம் தெரியாது. யாரோ போல் போய் ஒரு ஸ்டேக் வாங்கி வரச் சொன்னேன். பச்சைத் தலைத்துணி கட்டியவள், நினைவிருக்கிறதா?

"இது நம்ம வெள்ளை மாடுதானேங்க?" என்று அவள் கேட்டாளாம்.

"வேற என்னம்மா? எங்கப்பா காலத்துலேர்ந்து வேற மாடு இந்த வாசப்படி ஏறினதில்ல" என்றாயாம். சிரித்துக்கொண்டே சொன்னாயாம்.

மேஜையில் வைத்துக் காகிதத்தைப் பிரித்தேன். கொழுப்பு இல்லை. சுற்றிலும் வழித்துச் செதுக்கி, மொழுமொழுவென்று இருந்தது. செதுக்கி விற்கிறவனைப் பற்றி நீ எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன். எலும்பு மடிகிற மூலையில் மட்டும் உன் கத்தி போகாமல் ஒரு நகத்தளவு விட்டுப்போயிருந்தது. மஞ்சள் கொழுப்பு. அதன்மேல் ஊதா மையில் பாதி முத்திரை. ஏஜென்டின் கறி வந்து என் கொல்லைப்புறத்தில் கிடக்கும் பெட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஹாலந்து முத்திரை, அதே கசாப்புக்கூடத்து எண். அண்ணா, நாம் இருவரும் ஒரே மாட்டை விற்றுக்கொண்டிருக்கிறோம்!

இருந்தும் வாட்டினேன். தண்ணீர் விட்டது. அடிச்சுவைக்கு அதே துரு, அதே புளிப்பு. கடைசியில் எலும்பின் மேல் நிமிர்த்தி வைத்தேன். எலும்பு இருந்ததால் நின்றது. வெட்கம் இருந்திருந்தால் விழுந்திருக்கும்.

கழிவுத்தொட்டியில் வாந்தி எடுத்தேன். கறியால் மட்டும் இல்லை. மூன்று வருடமாக உன்னிடம் திட்டு வாங்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒன்று நினைத்துக்கொள்வேன்: நான் கெட்டுப் போனேன், ஆனால் அங்கே ஒருவன் கெடாமல் இருக்கிறான், என்றாவது திரும்பிப் போகலாம் என்று. அந்த இடத்தையும் நாறடித்துவிட்டாய். நானாவது சாப்பாட்டு அட்டையில் "ஸ்டேக்" என்று மட்டும்தான் எழுதினேன். நீ அப்பாவின் பெயரைச் சொல்லி விற்றாய்.

இனி எழுதாதே.

ஃபோஸ்கா

•

பியான்வெக்கியோ,
17 ஜூன் 1993

ஃபோஸ்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படி.

முத்திரை உண்மை. இரண்டு வருடமாக அதைத்தான் விற்கிறேன்.

நான் முழு மாடு வாங்குகிறவன், உனக்குத் தெரியும். ஒரு மாட்டில் ஸ்டேக் வருவது முதுகின் பின்பாதியில் மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து இருபது தேறினால் பெரிது. மீதி நானூறு கிலோவைக் கொத்தியும் வேகவைத்தும் தின்ன இந்த ஊரில் ஆள் இருந்தார்கள். முதுகை எடுக்க நீ இருந்தாய். நீ நிறுத்தினாய், முதுகு கொக்கியிலேயே தொங்கியது. மூன்று வாரம் தாண்டி, ஐந்து வாரம் தாண்டி, பச்சை பூத்தது. செதுக்கிச் செதுக்கி எறிந்தேன். முழு மாடு வாங்குவது நின்றது. ஒரு நாள் ஒரே ஒரு பெட்டி மட்டும் என்று எடுத்தேன்.

உன் மேல் பழி போட இதை எழுதவில்லை. இப்போது திரும்பப் படித்தால் பாதி அப்படித்தான் இருக்கிறது. எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை. அதில் பாதி உண்மை.

முதல் நாள் பொட்டலத்தை இரண்டு காகிதம் சுற்றிக் கட்டினேன். யாராவது சாயங்காலம் திரும்பி வந்து முகத்தில் எறிவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. பாதிரியார் வந்து, "லொரியானோ, உன் கறி மாதிரி வருமாய்யா?" என்றார். மேயர் தன் மகள் கல்யாணத்துக்கு முப்பது வாங்கினார். எவனுக்கும் தெரியவில்லை. பயம் போய், அவர்கள் மேல் எனக்குக் கேவலமான ஒரு எண்ணம் வந்துவிட்டது. இவன்களுக்கு இது போதும் என்று. அந்த எண்ணத்தோடு தினமும் சிரித்து வணக்கம் சொல்லி விற்றேன். கறியைவிட அதுதான் நாற்றம்.

மாடு வளர்க்கும் கொர்சினோ ஒவ்வொரு திங்களும் கடைக்கு வந்து, "எப்ப வர்ற, மாடு பாக்க?" என்று கேட்பான். அவன் குரல் கேட்டதும் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஹாலந்து முதுகுகளுக்கு நடுவில் நின்று, அவன் போகும்வரை பல் கிட்டிக்க நிற்பேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், நேற்று, நானே அவன் தொழுவத்துக்குப் போனேன். மே 28 அன்று அடித்த வெள்ளைக் காளை ஒன்றை நகராட்சிக் கசாப்புக்கூடத்தில் தொங்கவிட்டிருக்கிறான். 23ஆம் தேதிக்கு இருபத்தாறு நாள் ஆகியிருக்கும். கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன்.

சாணி அள்ளுவதை நிறுத்தாமலே பேசினான். "என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போவுது? என் மாட்டுப் பேரச் சொல்லி நீ யார்கிட்ட வித்தியோ அவங்ககிட்டச் சொல்லு. வாசல்ல எழுதிப் போடு. அப்புறம் வா, முதுகு என்ன, முழு மாடும் தர்றேன்."

இன்று காலை பலகை எழுதி மாட்டினேன். "இரண்டு வருடமாக இங்கே நான் விற்றது ஹாலந்துக் கறி. வெள்ளை மாடு என்று பொய் சொன்னேன். லொரியானோ." ரொட்டிக்கடைக்காரர் மனைவி நின்று படித்தாள். கண்ணாடியில் துப்பிவிட்டுப் போனாள். அது இன்னும் வழிந்துகொண்டிருக்கிறது. நான் துடைக்கவில்லை.

எட்டு ஸ்டேக் புதன்கிழமை மதிய பஸ்ஸில் வரும். வாங்குவதும் ஆற்றில் எறிவதும் உன் இஷ்டம்.

லொரியானோ

•

ஃப்ளோரன்ஸ்,
25 ஜூன் 1993

அண்ணா,

ஆற்றில் எறியவில்லை.

பஸ் நிலையத்திலேயே பொட்டலத்தின் ஓரத்தைக் கிழித்து மோந்து பார்த்தேன். டிரைவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். வேர்க்கடலை வாசனை, உலர்ந்த வாசனை. மேலே கறுப்புத் தோல், சுற்றிலும் இரண்டு விரல் வெள்ளைக் கொழுப்பு, ஒரு இடத்திலும் கத்தி படவில்லை. எனக்குப் பசி எடுக்கவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் கோபத்தில்.

நேற்று பன்னிரண்டரைக்கு ஓனோஃப்ரி வந்தார், பின்னால் பதினைந்து பேர். உட்கார்ந்தார்கள். நான் அடுப்பில் கறியைப் போடாமல் மேஜைக்குப் போய் நின்றேன். உன் பலகை என் கழுத்திலும் தொங்குவது போல இருந்தது.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். மூணு வருஷமா உங்களுக்கு நான் போட்டது பிளாஸ்டிக்ல வந்த ஹாலந்துக் கறி. முன்ன போட்ட அதே கறின்னு நெனச்சுத்தான் நீங்க சாப்பிட்டீங்க. எனக்குத் தெரியும், சொல்லல. இன்னிக்கு வேற. இருக்கறவங்க இருங்க, போறவங்க போங்க."

யாராவது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவார்கள் என்று நின்றேன். ஒருவரும் எழவில்லை. ஒருவன் ரொட்டியை மென்றுகொண்டே, "அப்படியா? நல்லாத்தானே இருந்துச்சு!" என்றான். மேஜை முழுக்கச் சிரிப்பு. ஓனோஃப்ரி சிரிக்கவில்லை. தன் மூன்று விரல் கையால், போ, போய் வாட்டு என்று காட்டினார்.

வாட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. கொழுப்பு கரியில் விழுந்து வெடித்தது, தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். எட்டையும் எலும்பின் மேல் நிமிர்த்தி வைத்தேன். எட்டும் நின்றன. உப்புப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

ஓனோஃப்ரி ஒரு துண்டை மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். துணியைத் தொடவில்லை. அப்போதுதான் மேஜைக் கோடியிலிருந்து, நாற்பது வருடம் பளிங்கு அறுத்த தொனினோ என்பவன், நல்ல மனுஷன், எனக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னான்:

"ஃபோஸ்கா, உண்மையச் சொல்லணும்னா, போன வருஷத்துது இதவிட மெத்துனு இருந்துச்சு."

நான்கைந்து பேர் தலையாட்டினார்கள்.

உன் கடிதத்தில் நீ எழுதிய அந்த நாற்றம் என்னவென்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது. கையிலிருந்த கரண்டியை அவன் வாயில் திணிக்கலாம் போல இருந்தது. அடுத்து வந்த எண்ணம் அதைவிட மோசம்: இவர்களுக்காகவா இவ்வளவு பாடு, பேசாமல் ஹாலந்தே போட்டிருக்கலாமே என்று. நீ இரண்டு வருடம் எந்தக் குளிர் அறையில் நின்றாயோ, அதன் கதவில் நானும் கை வைத்துவிட்டேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"அடுத்த வருஷம் உனக்கு மட்டும் தனியா பிளாஸ்டிக்கோடவே வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எல்லோரும் போனபிறகு ஓனோஃப்ரி மட்டும் இருந்தார். எலும்பை வெள்ளையாகும்வரை கடித்து வைத்திருந்தார். "எங்க வாங்கின?" என்றார்.

"எங்க அண்ணன் கடையில."

"மூணு வருஷமா அங்க வாங்கலையா?"

"இல்ல. வாங்கியிருந்தாலும் இது கிடைச்சிருக்காது. அவனும் கெட்டுப்போயிட்டான்."

எலும்பைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். "பதினாறு பேர்ல ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போதும்மா. மத்தவன் நாக்கப் பாத்துக் கல்லு செதுக்கியிருந்தா அந்தக் கோயில் என்னிக்கோ விழுந்திருக்கும்" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சில் துண்டை எடுத்து, "என் மருமக நல்ல கறி எங்க கிடைக்கும்னு கேட்டுட்டே இருக்கா. முகவரி எழுதிக் குடு" என்றார்.

எழுதினேன். ஊர்ப்பெயர், தெருப்பெயர், அப்பா பெயர். அதற்குக் கீழே, "வாசலில் உள்ள பலகையை முதலில் படிக்கவும்" என்றும் எழுதினேன். அதனால் அதைக் கழற்றாதே. எச்சிலை வேண்டுமானால் துடை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான். ஏஜென்டிடம் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கரும்பலகையில் ஸ்டேக் என்ற வார்த்தையை அழித்துவிட்டேன், உன்னிடமிருந்து அடுத்த மாடு வரும்வரை குடலும் பீன்ஸும்தான். ஜூலையிலிருந்து மாதம் இரண்டு மாட்டின் முதுகு எனக்கு, முன்பு போல. கொர்சினோவிடம் சொல்லிவிடு.

கொழுப்பைச் செதுக்காமல் அனுப்பு.

ஃபோஸ்கா